பழைய பைக்கில் காணாமல் போன வென்ட் ஹோஸ்களைத் திரும்பப் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கைமாறி வந்த பைக்கில் டேங்கைத் தூக்கிப் பார்த்தால் பல நேரம் இதுதான் கதை. கார்புரேட்டரின் இரண்டு பக்கமும் பித்தளை நிப்பிள்கள் (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய் முனைகள்) மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும், டேங்குக்கு அடியில் இன்னும் ஒன்றிரண்டு, எதிலும் வென்ட் ஹோஸ், அதாவது காற்று போய்வருவதற்கான ரப்பர் குழாய், இருக்காது. முன்னால் வைத்திருந்தவர் கழற்றினாரா, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தவர் "சும்மாதானே தொங்குது" என்று தூக்கிப் போட்டாரா, சூட்டில் வெந்து உடைந்து தானாகவே விழுந்ததா, யாருக்கும் தெரியாது. இது இல்லாமலும் பைக் ஓடும், அதனால்தான் யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

ஹோஸை மாட்டுவது சின்ன வேலை. எந்த நிப்பிள் எதற்கு என்று கண்டுபிடிப்பதிலும், ஹோஸின் மறுமுனையை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதிலும்தான் நேரம் போகும். இந்த இரண்டிலும் தப்பு விட்டால் ஹோஸ் இல்லாத பைக்கே பரவாயில்லை என்று ஆகிவிடும். அதனால் இந்த இரண்டைப் பற்றித்தான் கீழே நிறையப் பேசப் போகிறேன்.

முதலில், இவை என்ன செய்கின்றன

டேங்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறைந்தால் பெட்ரோல் வருவது நிற்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: டேங்கில் இருக்கும் பெட்ரோலின் மட்டம் கார்புரேட்டரைவிட 30 செ.மீ. மேலே இருக்கிறது என்றால், அந்த உயரம் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 2 சதவீதம்தான். டேங்குக்குள் அந்த 2 சதவீதம் குறைந்தாலே, தானாக இறங்கி வரும் பெட்ரோல் நின்றுவிடும். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பெட்ரோல் தீர்ந்தது போலத் திக்கி நின்று, மூடியைத் திறந்தால் "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போய், அப்புறம் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் பைக்குகளின் ரகசியம் இதுதான். டேங்க் நிரம்ப இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இதற்கு நேரெதிரான பிரச்சினையும் உண்டு. பெட்ரோல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். 15 லிட்டர் டேங்க் நிறைய அடித்து வெயிலில் நிறுத்தி, 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 300 மி.லி. கூடுதலாகிவிடும். வென்ட் வழியாகத்தான் அது வெளியே வந்தாக வேண்டும். அங்கே ஹோஸ் இருந்தால் தரையில் சொட்டும், ஹோஸ் இல்லாவிட்டால் இன்ஜின் மேல் சொட்டும். சூடான சைலன்சர் பைப்புக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதை உங்கள் பைக்கில் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கார்புரேட்டர் வென்ட் இன்னும் நுணுக்கமான விஷயம். அடியில் இருக்கும் கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தம், மேலே காற்று பாயும் குறுகலில் குறைந்த அழுத்தம், இந்த வித்தியாசம்தான் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை மேலே தள்ளுகிறது. கிண்ணத்துக்கு வெளிக்காற்றைக் காட்டுவதுதான் வென்ட் நிப்பிளின் வேலை. இப்போது 100 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்று அந்த மொட்டை நிப்பிளில் நேராக மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகக் காற்று முழுசாக அடித்தால் தரும் அழுத்தம் சுமார் 6 செ.மீ. உயரப் பெட்ரோலுக்குச் சமம். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் (மிதவை) உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்கிறோம், இங்கே சென்டிமீட்டர் கணக்கில் ஆட்டம் காட்டுகிறது காற்று! அதே காற்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனால் நேர்மாறாக உறிஞ்சும். வேகத்தில் மட்டும் திக்குவது, பெரிய லாரியைத் தாண்டும்போது இழுவை மாறுவது, எதிர்காற்றில் ஒரு மாதிரி, பின்காற்றில் வேறு மாதிரி ஓடுவது, எல்லாவற்றுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஹோஸின் முனையை அசையாத காற்றில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது இதனால்தான்.

வேலை தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தூரம் போகும். உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரும். அதனால் திறந்த இடம், ஆறிய இன்ஜின், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ ஹீட்டரோ கூடாது. பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நைட்ரைல் கையுறை போட்டால் நல்லது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் டேங்கைத் தூக்குவதும் சுலபம்.

தேவைப்படுபவை: வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி), கூர்மையான கத்தி, டார்ச், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், வெந்நீர், நூல் அல்லது மெல்லிய கம்பி, மாஸ்கிங் டேப். உங்கள் மாடலின் பார்ட்ஸ் படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம், அதில் ஒவ்வொரு ஹோஸும் எங்கிருந்து எங்கே என்று வரைந்தே இருக்கும், சில நேரம் அளவும் நீளமும்கூட இருக்கும். மாடல் ஆண்டை மட்டும் கவனியுங்கள். ஒரே பெயரில் வரும் பைக்கிலேயே ஆண்டுக்கு ஆண்டு ஹோஸ் போகும் வழி மாறியிருக்கும்.

எந்த நிப்பிள் எதற்கு

இதில் அவசரப்படாதீர்கள். டேங்கைக் கழற்றி, கண்ணில் படும் ஒவ்வொரு மொட்டை நிப்பிளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். பொதுவாக இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும்:

கார்புரேட்டர் உடம்பில், கிண்ணம் சேரும் கோட்டுக்கு மேலே, பக்கவாட்டில் இருப்பவை வென்ட். ஒற்றை சிலிண்டர் பைக்கில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். நான்கு கார்புரேட்டர் வரிசையாக இருக்கும் பைக்குகளில் இரண்டு கார்புரேட்டருக்கு நடுவே ஒரு டி வடிவத் துண்டாக இருக்கும். அதே போன்ற இன்னொரு டி பெட்ரோல் உள்ளே வரும் வழி. இந்த இரண்டையும் மாற்றிவிட்டால் பெட்ரோல் தரையில்தான் ஓடும், அதனால் பெட்ரோல் பைப்பை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிண்ணத்தின் அடியில், ஒரு ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் கீழே பார்த்து இருப்பது டிரெயின், அதாவது பெட்ரோலை வடிக்கும் வழி. பல கார்புரேட்டர்களில் இதுவே ஓவர்ஃப்ளோவும்கூட: கிண்ணத்துக்குள் ஒரு குட்டிக் குழாய் நின்றுகொண்டிருக்கும், மட்டம் அதைத் தாண்டினால் இந்த வழியாக வடியும். அந்தக் குட்டிக் குழாய் இல்லாத கார்புரேட்டர்களில் அதிகப்படிப் பெட்ரோல் மேலே உள்ள வென்ட் வழியாகத்தான் வெளியே வரும்.

டேங்குக்கு அடியில் இரண்டு நிப்பிள் இருந்தால் ஒன்று காற்று வென்ட், இன்னொன்று மூடியைச் சுற்றித் தேங்கும் மழைத் தண்ணீரை வடிப்பது. மூடியைத் திறந்தால் ரப்பர் சீலுக்கு வெளியே உள்ள பள்ளத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரியும், அதுதான் தண்ணீர் வடிகால். அந்த ஓட்டையில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கீழே ஒரு துண்டு ஹோஸ் மாட்டி சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள், குமிழி வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். கம்ப்ரசர் காற்றும் வேண்டாம், உள்ளே சின்ன வால்வு ஏதாவது இருந்தால் அதோடு போச்சு. பல பைக்குகளில் டேங்க் வென்ட் மூடிக்குள்ளேயே இருக்கும், அப்போது அடியில் ஒரே ஒரு நிப்பிள், அது மழைத் தண்ணீருக்கு.

அப்புறம் ஏமாற்றுக்காரர்கள். இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் நிப்பிள் வென்ட்டே கிடையாது, அது வேக்கம், அதாவது இன்ஜின் உறிஞ்சும் வழி. அதைத் திறந்து விடவே கூடாது. ஒன்று வேக்கம் பெட்ரோல் டேப்புக்கு (இன்ஜினின் உறிஞ்சலால் திறக்கும் டேப்) போக வேண்டும், இல்லை ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்க வேண்டும். திறந்திருந்தால் அதன் வழியே காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறைந்து லீனாகும், ஐட்லிங் எகிறும். சந்தேகம் இருந்தால் பெட்ரோல் பைப், ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலிலேயே கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்து விரல் நுனியால் நிப்பிளை மூடிப் பாருங்கள். விரலை இழுத்தால் வேக்கம், ஒன்றும் செய்யாவிட்டால் வென்ட். பேட்டரியை இதற்காக மாட்டினால் முடித்ததும் மறக்காமல் மறுபடி கழற்றுங்கள்.

ஏர் பாக்ஸின் அடியில் தொங்கும் முனை அடைத்த குட்டிக் குழாய் எண்ணெயும் தண்ணீரும் சேர்வதற்காக. அதன் முனை மூடியேதான் இருக்க வேண்டும், திறந்தால் தூசி நேராக உள்ளே. இன்ஜின் மேலிருந்து ஏர் பாக்ஸுக்குப் போகும் தடித்த ஹோஸ் இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீத்தர், அதுவும் வேறு கணக்கு. பழைய பைக்கில் பேட்டரிக்கும் ஒரு வென்ட் ஹோஸ் இருக்கும். அமில ஆவி வரும் அந்தக் குழாயைப் பெட்ரோல் வகையறாவோடு சேர்க்காதீர்கள், சேனுக்கும் ஃபிரேமுக்கும் தள்ளியே விடுங்கள்.

கரி கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) உள்ள பைக் என்றால் டேங்க் வென்ட் கேனிஸ்டருக்குப் போய், அங்கிருந்து பர்ஜ் வால்வு வழியாக இன்ஜினுக்குப் போகும். இந்த பைக்குகளில் சிலவற்றில், பைக் விழுந்தால் பெட்ரோல் வராமல் தடுக்கும் ரோல் ஓவர் வால்வு ஒன்று வழியில் இருக்கும். இதைத் தலைகீழாக மாட்டினால் பைக் நேராக நிற்கும்போதே வென்ட் அடைந்துபோகும். எது மேலே என்று வால்விலேயே குறி இருக்கிறதா பாருங்கள்.

எல்லாவற்றையும் அடையாளம் கண்டபிறகு அடைப்புப் பாருங்கள். மொட்டை நிப்பிளுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது அடிக்கடி நடப்பது. நைலான் தூண்டில் நரம்பால் மெதுவாகக் குத்தி வெளியே எடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள். கார்புரேட்டரின் ஒரு வென்ட்டில் சிரிஞ்சால் காற்றுத் தள்ளினால் இன்னொன்றில் வர வேண்டும்.

ஹோஸ் வாங்குவது

கையில் கிடைத்த ஏதோ ஒரு டியூபைச் செருகுவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மீன்தொட்டிக்குப் போடும் தெளிவான பிவிசி டியூப் கொஞ்ச நாளில் மஞ்சளாகி, விறைத்து, நிப்பிளிலிருந்து கழன்றுகொள்ளும். சிலிகான் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், சூட்டையும் தாங்கும், ஆனால் சாதாரண சிலிகான் பெட்ரோல் பட்டால் உப்பும், ஆவியையும் கசியவிடும். கூலன்ட்டுக்குப் போடும் இபிடிஎம் ரப்பரும் அப்படியே.

வேண்டியது பெட்ரோலுக்கென்றே செய்த நைட்ரைல் ரப்பர் ஹோஸ். வென்ட்டில் அழுத்தம் கிடையாது, எனவே எஸ்ஏஇ ஜே30 ஆர்6 அல்லது ஆர்7 என்று அச்சடித்த சாதாரணப் பெட்ரோல் ஹோஸே தாராளம். இன்ஜெக்‌ஷனுக்கான விலை கூடிய ஆர்9 வென்ட்டுக்குத் தேவையில்லை. பெட்ரோல் நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் பெட்ரோலுக்கென்றே வரும் மஞ்சள் டைகான் டியூப் வாங்கலாம். டிரெயின் ஹோஸுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும், ஃப்ளோட் வால்வு கசிகிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

அளவு: வெர்னியரால் நிப்பிளின் தண்டையும், முனையில் தடித்திருக்கும் விளிம்பையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். தண்டுக்குச் சமமான அல்லது அதைவிட ஒரு இழை குறைந்த உள்விட்டம் வாங்கினால் இறுக்கமாக உட்காரும். கார்புரேட்டர் வென்ட்டுகள் பெரும்பாலும் 3 முதல் 7 மி.மீ.க்குள் இருக்கும். ஒரே கார்புரேட்டரில் வென்ட் ஒரு அளவு, டிரெயின் இன்னொரு அளவு என்பது சாதாரணம், எனவே எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். சுவர் ரொம்ப மெல்லிசாக இருக்கும் ஹோஸ் வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். நீளத்துக்கு நூலைப் போகும் வழியெல்லாம் ஓட்டிப் பார்த்து, கூடவே ஒரு சாண் சேர்த்து வாங்குங்கள்.

மாட்டுவது

பழைய ஹோஸின் மிச்சம் நிப்பிளில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் நிப்பிள் என்றால் ஒடிந்து கையோடு வரும். நீளவாக்கில் கத்தியால் மேலாகக் கீறி உரித்து எடுங்கள். நிப்பிளில் கீறல் விழக் கூடாது. பிறகு துணியால் துடையுங்கள்.

புது ஹோஸின் முனையை நேராக வெட்டுங்கள், வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை உதறிவிட்டு, நிப்பிளின் தடித்த விளிம்பைத் தாண்டி 10 முதல் 15 மி.மீ. வரை ஏற்றுங்கள். கிரீஸ், கேஸ்கட் பசை எதுவும் வேண்டாம். கம்பெனியிலிருந்து வரும்போதே பல வென்ட் ஹோஸ்களுக்குக் கிளிப் இருக்காது, சரியான அளவென்றால் தேவையும் இல்லை. டிரெயினுக்கும் டேங்க் வென்ட்டுக்கும் போட நினைத்தால் ஸ்பிரிங் கிளிப் போடுங்கள். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் கிளாம்ப் இந்தச் சின்ன ஹோஸை வெட்டிவிடும்.

மறுமுனை எங்கே போக வேண்டும்

கார்புரேட்டர் வென்ட் ஹோஸ்கள் இன்ஜினுக்குப் பின்னால், காற்று நேராக அடிக்காத இடத்தில் முடிய வேண்டும். சில பைக்குகளில் இவை மேலே ஏறி டேங்குக்கு அடியில் அல்லது ஏர் பாக்ஸுக்குப் பின்னால் முடியும், அப்படியே விடுங்கள். ஓவர்ஃப்ளோவும் இந்த வழியாகத்தான் என்றால் கீழே பார்த்தே இறக்குங்கள். இரண்டு பக்க வென்ட்டும் ஒரே மாதிரியான இடத்தில் முடிவது நல்லது. ஒன்று காற்றிலும் ஒன்று மறைவிலும் இருந்தால் மறுபடி அதே தலைவலி.

டிரெயின், டேங்க் வென்ட், மழைத் தண்ணீர் வடிகால், மூன்றும் சுவிங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஆணிக்குப் பக்கத்தில், பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே இறங்கலாம். சைலன்சருக்கு மேலே முடியக் கூடாது, டயர் மேல் சொட்டும்படியும் கூடாது, சேனில் சிக்கும் தூரத்திலும் வேண்டாம். சஸ்பென்ஷன் முழுசாக அழுந்தும்போது ஹோஸ் நசுங்குகிறதா என்று ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள், டேங்கை இறக்கி வைத்த பிறகும் ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் டேங்க் ஏறி உட்காரும்போதுதான் ஹோஸ் அதிகமாக நசுங்குகிறது.

நடுவில் எங்கும் தொட்டில் மாதிரி தொங்கவிடாதீர்கள். அந்த வளைவில் ஒரு ஸ்பூன் பெட்ரோலோ தண்ணீரோ தேங்கினால் போதும், வென்ட்டை அடைத்தது போலத்தான். தொடர்ந்து சரிவாக இறங்கட்டும். கீழ் முனையைச் சாய்வாக வெட்டினால் சேறு ஒட்டினாலும் சட்டென்று அடையாது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் அடிக்கடி ஓட்டுபவர்கள் கார்புரேட்டர் வென்ட் ஹோஸில் ஒரு டி துண்டு போட்டு, ஒரு கிளையை டேங்குக்கு அடியில் மேலே விடலாம். கீழ் முனை முங்கினாலும் மேல் முனை மூச்சு விடும்.

எல்லா ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே குழாயாக இறக்குவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், செய்யாதீர்கள். டேங்கில் ஏறும் அழுத்தம் கார்புரேட்டர் கிண்ணத்தில் போய் விளையாடும். எந்த வென்ட்டையும் "சொட்டுகிறது" என்பதற்காக அடைக்கவும் வேண்டாம்.

சோதனை

பெட்ரோல் டேப்பைத் திறந்து (வேக்கம் டேப் என்றால், இன்ஜின் ஓடாமலே பெட்ரோல் வரும் பிரைம் நிலையில் வைத்து) பத்து நிமிடம் விடுங்கள், ஒவ்வொரு ஹோஸ் முனைக்கும் அடியில் ஒரு காகிதம் இருக்கட்டும். ஓவர்ஃப்ளோ முனையில் ஈரம் வந்தால் ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். ஃப்ளோட் நீடில் வால்வு சரியாக அடைக்கவில்லை, அல்லது ஃப்ளோட் மட்டம் தப்பு. இவ்வளவு நாள் இன்ஜின் மேல் சொட்டி ஆவியானது இப்போதுதான் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

டேங்க் வென்ட்டைப் பார்க்க, பெட்ரோல் தானாக இறங்கும் வகை பைக்கில், மூடியை மூடியே வைத்து, பெட்ரோல் பைப்பைக் கழற்றி ஒரு கேனில் ஒரு லிட்டர் வரை பிடியுங்கள். ஆரம்பத்தில் வந்த வேகமே கடைசிவரை இருந்தால் வென்ட் நன்றாக இருக்கிறது. மெலிந்துகொண்டே வந்து, மூடியைத் திறந்ததும் பாய்ந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது. பம்ப் உள்ள பைக்கில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறந்து, காற்று பலமாக உள்ளே இழுக்கிறதா என்று கேளுங்கள். கேனிஸ்டர் உள்ள பைக்கில் லேசான சத்தம் வரலாம், அது இயல்பு.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள், முன்பு திக்கிய அதே வேகத்தில். இங்கே ஒரு விஷயம்: வென்ட் ஹோஸ் இல்லாத குறையை மறைக்க முன்னால் வைத்திருந்தவர் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியோ காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகியோ வைத்திருக்கலாம். ஹோஸ் போட்ட பிறகு பிளக் கருப்படிக்கிறது, புகை வாடை வருகிறது என்றால் ஜெட்டில் உள்ள எண்ணையும் கம்பெனி சொல்லும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். கேனிஸ்டர் பைக் வைத்திருப்பவர்கள் பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் புது ஹோஸ் வழியாகவே பெட்ரோல் போய்க் கரியை நனைத்துவிடும்.